ஓசையும் அளவும்

நாய்களுக்கு மாரடைப்பு வருவது மிக அபூர்வம். மனிதர்களுக்கு இதய ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்வதுபோல அவற்றுக்கு அனேகமாக நிகழ்வதில்லை. வயதான நாயின் இதயம் கெடுவதென்றால் பெரும்பாலும் அது ஒரு வால்வில்தான் தொடங்குகிறது. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு, அதாவது ஈரிதழ் வால்வு, தடித்துச் சுருண்டு, முழுதாக மூட முடியாமல் கசியத் தொடங்கும். நாய்களுக்கு வரும் இதய நோய்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த ஒன்றுதான். 20 கிலோவுக்கு உட்பட்ட சிறிய இனங்களில் இது மிகுதி. பெண் நாய்களைவிட ஆண் நாய்களுக்குச் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். டாஷ்ஹண்ட், சிவாவா, குட்டிப் பூடில் ஆகியவை இதற்குப் பெயர்போனவை. கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் என்ற இனத்தின் கதை இன்னும் மோசம்: ஆறேழு வயதுக்குள் பாதி நாய்களுக்கு வந்துவிடுகிறது, பத்து வயதைத் தொடும்போது தப்பியவை அனேகமாக இல்லை. நம் நகரங்களின் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பொமரேனியன், ஷிட்சு, பக் எல்லாம் இந்த எடை வரம்புக்குள் அடங்குபவை. ராஜபாளையம் நாய் அதற்கு வெளியே நிற்கிறது. பெரிய உடல்வாகுள்ள நாய்களைத் தாக்கும் இதய நோய் பெரும்பாலும் வேறு வகை.

இந்த வால்வு நோய் முதலில் கண்ணுக்குத் தெரிவதில்லை, காதுக்குத்தான் தெரிகிறது. தடுப்பூசிக்கோ தோல் அரிப்புக்கோ கொண்டுபோன இடத்தில் மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைக்கிறார். "லப்-டப்" என்ற இரண்டு ஒலிகளுக்கு நடுவே உஸ்ஸென்று ஒரு மூன்றாவது ஓசை கேட்கிறது. மருத்துவர்கள் இதை மர்மர் என்பார்கள், முணுமுணுப்பு. நாயோ ஓடுகிறது, சாப்பிடுகிறது, தெருவில் போகும் வண்டியை எல்லாம் பார்த்துக் குரைக்கிறது. இந்த இடத்தில் இரண்டு வகையான அவசரம் நேர்கிறது. ஒன்று, இதய நோய் என்று தெரிந்துவிட்டதே, இன்றே மருந்தைத் தொடங்கிவிடலாம் என்பது. மற்றது, வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று அன்றோடு மறந்துவிடுவது. எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே பிழையின் இரு கிளைகள்: கேட்ட ஓசையையே நோயின் அளவாக எடுத்துக்கொள்வது. முணுமுணுப்பு வால்வு கசிகிறது என்று மட்டுமே சொல்லும். அந்தக் கசிவை இதயம் எவ்வளவு தூரம் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை இதயத்தின் பருமனை அளந்துதான் அறிய முடியும். மருந்தை எப்போது தொடங்குவது, எப்போது தொடங்காமலிருப்பது என்பதை அந்த அளவுதான் முடிவு செய்ய வேண்டும். கடந்த கால் நூற்றாண்டில் வந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் வேறு முடிவுக்கு வருவது கடினம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். மைட்ரல் வால்வுக்கு இரண்டு மெல்லிய இதழ்கள். அவற்றின் ஓரங்களிலிருந்து நரம்பிழைகள்போன்ற நாண்கள் கீழறையின் சுவரிலுள்ள தசை மேடுகளுக்கு ஓடுகின்றன. காற்று மோதும்போது பாய் மறுபக்கம் புரண்டுவிடாமல் படகின் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைப் பக்கம் புரண்டுவிடாமல் இந்த நாண்கள் பிடித்துக்கொள்கின்றன. ஒரு நாயின் இதயம் ஒரு நாளில் லட்சம் தடவைக்கு மேல் அடிக்கிறது. அத்தனை முறையும் இந்த இழுபறி நடக்கிறது. நோய் வந்த வால்வில், இதழுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளின் ஒழுங்கு குலைகிறது. நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள் அவற்றுக்கு இடையே குவிகின்றன. இதழின் ஓரம் முடிச்சு முடிச்சாகத் தடிக்கிறது, நாண்கள் நீண்டு தளர்கின்றன, சில சமயம் அறுந்தும் போகின்றன. இது கிருமியால் வருவது அல்ல. பல்லில் காரை படிந்ததால் இந்த நோய் வந்தது என்று சொல்வது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பல் சுத்தம் நல்லதுதான், ஆனால் பல் தேய்த்து இந்த நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மரபும் வயதும்தான் முக்கியக் காரணிகள். ஒரே மரபணுவின் வேலையும் அல்ல, பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம். 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேவிட் டெட்வைலரும் டொனால்ட் பேட்டர்சனும் ஆயிரக்கணக்கான நாய்களைப் பரிசோதித்துத் தொகுத்த கணக்கிலேயே, வயது ஏற ஏற இது பெருகுவது தெளிவாகத் தெரிந்தது.

வால்வு கசிந்தால் கீழறை தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு முன்னே பெருந்தமனிக்குப் போகாமல் பின்னே மேலறைக்குத் திரும்புகிறது. மேலறையில் அழுத்தம் குறைவு, ஆகவே ரத்தத்துக்கு அந்தப் பக்கம் போவது எளிது. உடலுக்குப் போக வேண்டியதும் குறையக் கூடாது, திரும்பி வந்ததையும் மறுபடி தள்ள வேண்டும் என்ற இரட்டைச் சுமையை இதயம் தன்னை விரித்துக்கொண்டு சமாளிக்கிறது. இடது மேலறை பெருக்கிறது, இடது கீழறையும் பெருக்கிறது. இந்தப் பெருக்கம் நோயின் விளைவு மட்டுமல்ல, நெடுங்காலம் பாதுகாப்பும் அதுதான்: நெகிழ்ந்து கொடுக்கும் பெரிய மேலறை திரும்பி வரும் ரத்தத்தை அழுத்தம் ஏறாமல் வாங்கிக்கொள்கிறது, நுரையீரலுக்கு அந்தத் தொல்லை எட்டுவதில்லை. ஒரு கட்டத்தில் இந்த இடம் கொடுத்தல் முடிந்துபோகிறது. அப்போது அழுத்தம் நுரையீரல் சிரைகளுக்குப் பின்னேறி, நுரையீரலில் நீர் கோத்து, நாய் மூச்சுத் திணறுகிறது. இதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம்; இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. நாண் ஒன்று திடீரென அறுந்தால் இந்தக் கட்டம் ஒரே இரவில் வந்துவிடலாம். இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் ஆகிறது, பல நாய்களுக்கு வருவதே இல்லை. 2008இல் இத்தாலியர் மிக்கேலே போர்காரெல்லியும் கூட்டாளிகளும் 558 நாய்களின் போக்கைப் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், அறிகுறி எதுவும் இல்லாமல் இருந்த நாய்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை கண்காணிப்புக் காலத்தின் முடிவிலும் உயிரோடு இருந்தன. ஆக, முணுமுணுப்பு கேட்ட நாய்களில் பெரும்பான்மை இந்த நோயோடு வாழ்ந்து வேறு எதனாலோ சாகின்றன. இதைச் சொல்லாமல் மருந்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது நியாயமல்ல.

இவ்வளவு நீண்ட அமைதிக் காலம் இருக்கும்போது, அந்தக் காலத்திலேயே மருந்து கொடுத்துச் செயலிழப்பைத் தள்ளிப்போடலாமே என்ற எண்ணம் இயல்பானது. மனித மருத்துவத்தில் இதயச் செயலிழப்புக்கு நன்றாக உதவிய எனாலப்ரில் வகை மருந்துகள் கையில் இருந்தன. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 229 கவலியர் நாய்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, அறிகுறி வருமுன்பே ஒரு பிரிவுக்கு எனாலப்ரிலும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது: செயலிழப்பு வரும்வரை ஆன காலம் மருந்துப் பிரிவில் சராசரி 1150 நாள், வெற்று மாத்திரைப் பிரிவில் 1130 நாள். இருபது நாள் வித்தியாசம் புள்ளியியலில் ஒன்றுமே இல்லை. அமெரிக்காவில் 124 நாய்களிடம் நடந்து 2007இல் வெளியான இன்னொரு சோதனையும் தன் முதன்மைக் கேள்விக்கு உறுதியான ஆம் சொல்லவில்லை. 2020இல் வெளியான ஒரு சோதனையில் ஸ்பைரோனோலாக்டோனையும், எனாலப்ரில் வகையைச் சேர்ந்த பெனாசெப்ரிலையும் சேர்த்துக் கொடுத்தும் செயலிழப்பு தள்ளிப்போகவில்லை. முன்கூட்டிக் கொடுப்பதால் நன்மை என்ற நம்பிக்கை மூன்று முறை சோதிக்கப்பட்டு மூன்று முறையும் உறுதிப்படவில்லை.

பிமோபென்டான் என்ற மருந்தின் கதையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். இது இதயத் தசையைக் கால்சியத்துக்குக் கூடுதலாக இணங்கச் செய்து சுருக்கத்தை வலுப்படுத்துகிறது, கூடவே ரத்தக் குழாய்களையும் தளர்த்துகிறது. இதயச் செயலிழப்பு வந்துவிட்ட நாய்களிடம் இதன் பயன் 2008இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டில் தெரிந்தது: பெனாசெப்ரில் பெற்றவை இடைநிலை மதிப்பாக 140 நாள், பிமோபென்டான் பெற்றவை 267 நாள் தாக்குப்பிடித்தன. அப்படியானால் அறிகுறி இல்லாத நாய்க்கும் கொடுத்தால் என்ன? பிரான்சில் வலேரி ஷெட்புல் குழுவினர் நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 12 பீகிள் நாய்களிடம் இதைப் பார்த்தார்கள். ஆறுக்கு பிமோபென்டான், ஆறுக்கு பெனாசெப்ரில், 512 நாள். 2007இல் வெளியான முடிவு கவலை தருவதாக இருந்தது. பிமோபென்டான் பெற்ற நாய்களில் கீழறை மிக வலுவாகச் சுருங்கியது, கசிவு கூடியது, இறுதியில் வால்வைப் பார்த்தபோது இதழ்களில் ரத்தக் கசிவுப் புள்ளிகள் இருந்தன. பன்னிரண்டே நாய்களை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. என்றாலும் நியாயம் புரிகிறது: பெரிதாகாத இதயத்தை, கசியும் வால்வுக்கு எதிராக இன்னும் பலமாக அழுத்தச் சொன்னால், அந்தப் பலம் வால்வின் மீதே போய் மோதும்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்த கேள்விக்கு விடை தந்தது எபிக் என்று பெயரிடப்பட்ட சோதனை. இங்கிலாந்தின் ராயல் வெட்டரினரி காலேஜைச் சேர்ந்த ஏட்ரியன் பாஸ்வுட் தலைமையில், 11 நாடுகளில் 36 மையங்களில், 360 நாய்களிடம் நடந்தது, 2016இல் வெளியானது. இதன் சிறப்பு எண்ணிக்கையில் இல்லை, யாரைச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது. முணுமுணுப்பு கேட்ட நாய்கள் எல்லாவற்றையும் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆறு வயதுக்குக் குறையாதது, எடை 4.1 முதல் 15 கிலோ, முணுமுணுப்பு ஆறில் மூன்றாம் தரத்துக்குக் குறையாதது என்பதோடு மூன்று அளவுகளையும் கேட்டார்கள். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவில் இடது மேலறையின் விட்டம் பெருந்தமனியின் விட்டத்தைப்போல 1.6 மடங்காவது இருக்க வேண்டும். உடல் எடைக்கு ஏற்பச் சரிசெய்த கீழறை விட்டம் 1.7 ஆவது இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் முதுகெலும்புகளைக் கோலாகக் கொண்டு அளந்த இதயத்தின் பருமன் 10.5க்கு மேல் இருக்க வேண்டும். அதாவது அறிகுறி இல்லை, ஆனால் இதயம் பெருத்துவிட்டது என்று மூன்று அளவுகோல்களும் ஒப்புக்கொண்ட நாய்கள் மட்டும். அவற்றில் பிமோபென்டான் பெற்றவை செயலிழப்போ இதயத்தால் மரணமோ வரும்வரை இடைநிலை மதிப்பாக 1228 நாள் இருந்தன. வெற்று மாத்திரை பெற்றவை 766 நாள். கிட்டத்தட்ட பதினைந்து மாத வித்தியாசம். நன்மை மிகத் தெளிவாக இருந்ததால் சோதனையைத் திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தினார்கள். மருந்து தொடங்கிய 35ஆம் நாளிலேயே இதயத்தின் பருமன் சுருங்கியதும் பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. ஒரே மருந்து ஆரம்பக் கட்டத்தில் சந்தேகத்துக்கு உரியதாகவும், இதயம் பெருத்த பிறகு பெரும் துணையாகவும் இருக்கிறது. இரண்டு நாய்களிலும் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது ஏறத்தாழ ஒரே ஓசையாகவே இருக்கலாம்.

இதற்கு வரும் ஆட்சேபங்களில் கனமானது, சோதனைக்குப் பணம் கொடுத்தது அந்த மருந்தை விற்கும் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் என்பது. உண்மைதான், மறைக்கப்பட்ட செய்தியும் அல்ல. இன்னொரு குறையும் சொல்லலாம்: பாதியில் நிறுத்தப்படும் சோதனைகள் நன்மையைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டும் வழக்கம் உண்டு. நாயைக் கருணைக்கொலை செய்வது மனிதர் எடுக்கும் முடிவு, அதை இதய மரணம் என்று எண்ணுவதில் சாய்வு புகலாம் என்றும் கேட்கலாம். இவற்றுக்கான பதில் சோதனையின் அமைப்பிலேயே பெருமளவு இருக்கிறது. எந்த நாய்க்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள், வளர்ப்பவருக்கும் மருத்துவருக்கும் அது தெரியாது. ஆகவே முடிவெடுப்பதில் சாய்வு இருந்தாலும் அது இரண்டு பிரிவிலும் சமமாகவே விழும். எந்தக் காரணத்தால் செத்தாலும் சாவு சாவுதான் என்று எண்ணிய கணக்கையும் வெளியிட்டார்கள்: 1059 நாளும் 902 நாளும். இங்கே வித்தியாசம் ஐந்து மாதமாகச் சுருங்குகிறது. பதினைந்து மாதம் என்ற எண்ணை மட்டும் எடுத்துச் சொல்லும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இந்த ஐந்து மாதத்தையும் நினைவில் வைப்பது நல்லது. வயதான நாய்களுக்குச் சிறுநீரகம் கெடும், புற்றுநோய் வரும். இதயத்தை மட்டும் காப்பாற்றினால் ஆயுள் முழுதும் நீண்டுவிடாது. ஆனால் அந்தச் சுருங்கிய எண்ணும் பூஜ்யமல்ல என்பதுதான் சோதனையின் வலிமை. 2019இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் பரிந்துரை இதையே அடிப்படையாகக் கொண்டது: கசிவு உண்டு, இதயம் பெருக்கவில்லை என்றால் பி-1, மருந்து வேண்டாம், 6 முதல் 12 மாதத்தில் மறுபடி அளந்து பாருங்கள், பெருத்துவிட்டால் பி-2, பிமோபென்டான் தொடங்குங்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் 2007இல் செயலிழப்புக்கு மட்டும் கொடுத்திருந்த அனுமதியை, 2022இல் நிபந்தனையோடு இந்த பி-2 கட்டத்துக்கும் நீட்டியது.

எல்லாம் சரி, எக்கோ எடுக்க எங்கே போவது என்ற கேள்வி அடுத்தது. நியாயமான கேள்வி. நாய்க்கு எக்கோ பார்க்கத் தெரிந்தவர்கள் பெருநகரங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும்தான் அதிகம். சென்னை வேப்பேரியில் கல்லூரி இருக்கிறது என்பது தேவகோட்டையில் இருப்பவருக்குப் பெரிய ஆறுதல் அல்ல. ஆனால் எக்கோ இல்லையென்றால் அளவே இல்லை என்று ஆகிவிடாது. 1995இல் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் புக்கானன் ஒரு சகாயமான வழியைக் கொடுத்தார். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, நெஞ்சுப் பகுதியின் நான்காம் முதுகெலும்பிலிருந்து தொடங்கி அந்த நீளங்கள் எத்தனை எலும்புகளுக்குச் சமம் என்று எண்ணிக் கூட்ட வேண்டும். சிவாவாவும் அல்சேஷனும் ஒரே அளவுகோலில் வந்துவிடும், ஏனென்றால் கோல் அந்தந்த நாயின் முதுகுதான். சாதாரண நாய்க்கு இது சராசரி 9.7. இதில் சிக்கலும் உண்டு: பக், கவலியர் போன்ற சில இனங்களுக்கு நோயே இல்லாமல் இந்த எண் கூடுதலாக இருக்கும், ஆகவே இனத்துக்கு ஏற்பப் பார்க்க வேண்டும். அதனால்தான் எக்கோ கிடைக்காத இடத்தில் 10.5ஐ நம்பாமல், இனத்துக்குச் சரிசெய்து 11.5ஐ எட்டினால் பி-2 என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறது 2019 பரிந்துரை. சில மாதங்களுக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டு இதயம் வேகமாகப் பெருப்பது தெரிந்தாலும் போதும். ஆகவே ஓசை கேட்ட அன்றே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பத்திரப்படுத்துவது, அன்று எந்த மருந்தும் எழுதாவிட்டாலும், வீண் செலவல்ல. ஒரு முறை எடுத்த படம் ஒரு நிலையைச் சொல்லும், இரண்டு முறை எடுத்தால் வேகத்தைச் சொல்லும். முணுமுணுப்பே முற்றிலும் பயனற்றது என்றும் இதிலிருந்து எண்ணிவிடக் கூடாது. சிறிய நாய்களில் மிக மெல்லிய முணுமுணுப்பு இருந்தால் நோய் முற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த அளவுக்கு அது நல்ல சல்லடை. பலமான முணுமுணுப்பு கேட்டால் அதற்கு மேல் அதனால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஓசையை நம்பி ஏமாறுவது மருத்துவமனையில் மட்டும் நடப்பதில்லை, வீட்டிலும் நடக்கிறது. அங்கே அந்த ஓசையின் பெயர் இருமல். முணுமுணுப்பு உள்ள வயதான நாய் இருமினால் இதயம் கைவிட்டுவிட்டது என்று முடிவுகட்டி, நீர் பிரிக்கும் ஃப்யூரோசமைட் மாத்திரையைத் தொடங்கிவிடுவது நெடுநாள் பழக்கம். ஆனால் சிறிய நாய்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் நோய் தனியாகவே உண்டு, நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சியும் உண்டு. பெருத்த இடது மேலறை தன் மேலே ஓடும் மூச்சுக்குழல் கிளையை அழுத்துவதும் இருமலைக் கிளப்பும். 2013இல் லூகா ஃபெராசின் குழு, வால்வு நோய் உள்ள நாய்களில் இருமலோடு தொடர்புள்ளவை எவை என்று பிரித்துப் பார்த்தபோது, மூச்சுக்குழாய்க் கோளாறும் மேலறைப் பெருக்கமும் தொடர்பு காட்டின. நுரையீரலில் நீர் கோப்பது காட்டவில்லை. நீர் கோக்காத நாய்க்கு நீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்தால் இருமல் நிற்காது, ஏற்கெனவே வயதான சிறுநீரகம்தான் வறளும். ஸ்டெதஸ்கோப்பே இங்கே ஒரு நல்ல துப்பையும் கொடுக்கிறது. ஆரோக்கியமான நாயின் இதயத் துடிப்பு மூச்சோடு சேர்ந்து வேகமாகவும் மெதுவாகவும் மாறிமாறி வரும். மனிதரிடம் இப்படிக் கேட்டால் நாம் பயந்துபோவோம், நாயிடம் அது இயல்பு. செயலிழப்பில் உடல் அவசர நிலைக்குப் போய்விடுவதால் இந்த ஏற்ற இறக்கம் மறைந்து துடிப்பு வேகமாகவும் சீராகவும் ஆகிவிடுகிறது. ஆகவே பலமாக இருமிக்கொண்டிருக்கும் நாயின் துடிப்பு நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், அந்த இருமலுக்குக் காரணத்தை முதலில் மூச்சுக்குழாயில் தேட வேண்டும்.

நுரையீரலில் நீர் கோப்பதை வீட்டில் கண்டுபிடிக்க எண்ணிக்கைதான் வழி, அதற்குக் கருவி வேண்டாம், கடிகாரம் போதும். நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். கனவு கண்டு காலை உதைத்துக்கொண்டிருக்கும்போது எண்ணக் கூடாது. கத்திரி வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் நாயை எண்ணினாலும் பயனில்லை. நம் ஊரில் இதை இரவிலோ விடியற்காலையிலோ மின்விசிறிக்கு அடியில் செய்வதுதான் சரி. வால்வு கசிந்தாலும் செயலிழப்பு இல்லாத நாய்கள் தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்குக் குறைவாகவே மூச்சு விடுகின்றன, பெரும்பாலானவை அதில் பாதி அளவுக்கு அருகில். 2010களில் வெவ்வேறு நாடுகளில் வெளியான ஆய்வுகள் இதில் ஒத்துப்போகின்றன. முன்பு 16, 18 என்று இருந்த எண் சில நாட்களாக ஏறிக்கொண்டே போய் 30ஐத் தாண்டினால், இருமல் இருக்கிறதோ இல்லையோ, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ப்பவரைத் தினமும் எண்ணச் சொன்னால் பீதியில் வைத்துவிடுவோம் என்று சிலர் சொல்கிறார்கள். இதயம் பெருக்காத பி-1 நாய்க்கு தினமும் எண்ணத் தேவையில்லை என்பது உண்மை. பி-2வில் வாரத்துக்கு ஓரிரு முறை எண்ணி எழுதி வைப்பதால் பீதி கூடுமா, ஒவ்வொரு இருமலுக்கும் நள்ளிரவில் ஓடுவது குறையுமா என்று கேட்டால், இரண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

ஓசைக்கும் அளவுக்கும் உள்ள தூரம் இனப்பெருக்கக் களத்திலும் தெரிகிறது. கவலியர் நாய்களின் அடுத்த தலைமுறையையாவது காப்பாற்றலாம் என்று ஸ்வீடனும் டென்மார்க்கும் 2000களின் தொடக்கத்தில் விதிகள் கொண்டுவந்தன. ஸ்வீடனின் திட்டம் பெற்றோர் நாய்களின் இதயத்தைக் காதால் கேட்டுத் தேர்ந்தெடுப்பது. 2010இல் அதை மதிப்பிட்டபோது ஆறு வயது நாய்களில் முணுமுணுப்பின் அளவு குறையவே இல்லை. டென்மார்க்கில் கேட்பதோடு எக்கோவும் எடுத்து, இதழ்கள் எவ்வளவு புரள்கின்றன, எவ்வளவு கசிகிறது என்று பார்த்தார்கள். எட்டுப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2016இல் வெளியான கணக்கில், திட்டத்தின் விதிப்படி தேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த நாய்களிடம் நோயின் அபாயம் 73 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டு நாடுகளின் விதிகளிலும் அவற்றை நடைமுறைப்படுத்திய விதத்திலும் வேறு வித்தியாசங்களும் உண்டு, ஆகவே எல்லாப் புகழையும் எக்கோவுக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் முணுமுணுப்பு வருவதற்கு முன்பே இதழ் புரளத் தொடங்கிவிடுகிறது என்பதால், கேட்டுத் தேர்ந்தெடுப்பவர் எப்போதும் சில ஆண்டுகள் பின்தங்கியே இருப்பார். நார்வே இந்த வழிகளிலெல்லாம் பொறுமை இழந்துவிட்டது: 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கவலியர் நாய்களைத் தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்ற கீழமை நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது, வேறு இனத்தோடு கலக்க மட்டும் வழி விட்டது.

மருந்து வால்வைத் திருத்துவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அறுந்த நாணை மாத்திரை ஒட்டவைக்காது. அதைச் செய்வது அறுவை சிகிச்சை. ஜப்பானில் மசாமி உயேச்சி, சில கிலோ எடையுள்ள நாயின் இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை வெளிக் கருவியால் சுற்றவிட்டு, அறுந்த நாண்களுக்குப் பதிலாக டெஃப்லான் வகை இழைகளைத் தைத்து, விரிந்த வால்வு வளையத்தையும் இறுக்கிக் கட்டும் முறையைத் தேர்ந்த கலையாக்கினார். 2006 முதல் 2009 வரை செய்த 48 நாய்களில் 45 பிழைத்து வீடு திரும்பின. அதற்குப் பிறகு ஐரோப்பாவிலும் சில மையங்கள் தொடங்கின. துடிக்கும் இதயத்திலேயே இதழ்களைக் கவ்வியால் பிடித்து இணைக்கும் முறையும் வந்திருக்கிறது. செலவும் பயணமும் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதவை என்பதால் இதை விரிவாகப் பேசுவது இங்கே வீண். செயலிழப்பு வந்துவிட்ட நாய்களுக்கு ஃப்யூரோசமைட், பிமோபென்டான், எனாலப்ரில் வகை ஒன்று, ஸ்பைரோனோலாக்டோன் என்ற கூட்டு மருந்துகள்தான் நடைமுறை. முன்னே தோற்றுப்போன அதே மருந்துகளுக்கு இந்தக் கட்டத்தில் இடம் இருக்கிறது.

வயதான நாயை ஏன் இவ்வளவு அளந்து பார்த்துத் தொல்லைப்படுத்த வேண்டும் என்ற ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. அதற்குப் பின்னால் அன்பு இருக்கிறது, ஒரு தப்புக் கணக்கும் இருக்கிறது. அளப்பது மருந்துக்கு முதல் படி என்று அது எண்ணிக்கொள்கிறது. நடைமுறையில் பல சமயம் அது நேர்மாறான வேலையைச் செய்கிறது. பன்னிரண்டு வயது நாய் ஒன்றுக்கு முணுமுணுப்பு கேட்டு, எக்ஸ்ரேயில் இதயம் பெருக்கவில்லை என்று தெரிந்தால், உப்பில்லாத உணவு வேண்டாம், மாத்திரை வேண்டாம், நடையைக் குறைக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்யவும் இந்த வால்வு தடையல்ல, அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்ப முடிகிறது.